வெளியேறிய நேரம்: காலி

பயிற்சி எண் ஏழு:
ஒரு வாகன நிறுத்துமிடத்தை வடிவமைக்கவும்.

படித்ததும் சிரித்துவிட்டேன்.
ஆஸ்த்ராவாவில், மருத்துவமனைக்குப் பின்னால்,
நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும் தளத்தில்
இரவு வேலை எனக்கு.
கண்ணாடிக் கூண்டு, காலடியில் ஹீட்டர்,
சட்டையில் வெந்துலா என்று ஒரு அட்டை,
மடியில் தங்கை கழித்துப்போட்ட லேப்டாப்.
எனக்கா தெரியாது நிறுத்துமிடம்?

முதலில் எழுதியது ஒரே வகுப்பு.
தளம் என்று பேர். எல்லாம் அதற்குள்ளே.
வண்டி, தடுப்புக்கட்டை, சீட்டு, கட்டணம்,
பனி தள்ளும் நேரம்கூட.
நானூறு வரி.
ஒன்றைத் தொட்டால் ஒன்பது உடைந்தது.

சிக்கு விழுந்த கம்பளி நூலாய்
இரண்டு இரவு உட்கார்ந்து பிரித்தேன்.
வண்டி தனி. அதன் வழிவந்தவை
கார், வேன், மோட்டார் சைக்கிள்.
திற என்று கட்டையிடம் சொன்னால் போதும்,
எப்படித் திறக்கும் என்பது கட்டையின் பாடு.
சீட்டுக்கு இரண்டே பண்புகள்:
நுழைந்த நேரம், வெளியேறிய நேரம்.
கட்டணம் என்பது வெறும் கழித்தல்.

சோதிக்க நிஜ வண்டிகளையே கொடுத்தேன்.
நான்காம் வரிசைக் கடைசியில்
எல்லாம் நின்றுபோனது.

வெளிறிய பச்சையில் ஒரு பழைய ஃபேவரிட்.
வந்து எட்டு நாள்.
அதன் சொந்தக்காரர் ஹுதெச்செக்
சில இரவுகளில் அதற்குள்ளேயே தூங்குவார்.
காலையில் பக்கக் கண்ணாடியைத் திருப்பி
முகம் மழித்துக்கொள்வார்.
ஃபிளாஸ்கில் வெந்நீர் கேட்க வருவார்,
வேறெதுவும் கேட்டதில்லை.
மூன்றாம் மாடியில் யாரென்று
நானும் கேட்டதில்லை.

திரையில் சிவப்பு வரி:
வெளியேறிய நேரம் காலி.
இல்லாத ஒன்றிலிருந்து கழிக்க முடியாது.

உடனே ஒரு புது வகுப்பு எழுதினேன்:
காத்திருக்கும் கார்.
காரின் பிள்ளை, கட்டணம் கேட்டால் மட்டும்
வேறு பதில் சொல்லும்.
எனக்கே பெருமையாக இருந்தது.
சிகரெட்டுக்கு நெருப்பு கேட்டு வந்த லுமீர்,
ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், என்னோடுதான் படிக்கிறான்,
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கேட்டான்:
"நாளைக்கு அவர் கிளம்பிட்டா
அந்தக் கார் எந்த வகுப்பு?"

பதில் இல்லை.
பிறக்கும்போதே காத்திருப்பதாய்ப் பிறந்த வண்டி
சாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்,
நான் எழுதிய கோடில்.

அழித்தேன்.
அது ஒரு கார். அவ்வளவுதான்.
காத்திருப்பு அதனிடம் இருக்கிறது,
பின்சீட்டில் கிடக்கும் போர்வையைப் போல.
ஒருநாள் எடுத்துவிடலாம்.
*ஆகும்* என்பதற்கும் *உண்டு* என்பதற்கும் நடுவில்
இவ்வளவு தூரம் இருப்பது
முப்பத்து நான்கு வயதில்தான் தெரிந்தது.

பதினோராம் நாள், விடியக் கொஞ்சம் முன்னால்,
ஃபேவரிட்டின் விளக்கு எரிந்தது.
பக்கத்து இருக்கையில் ஒரு பெண்ணின் கோட்டு,
மடித்து, மேலே கைப்பை.
கோட்டுக்குள் யாரும் இல்லை.
வீட்டுக்குக் கொண்டுபோகிறாரா,
வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களா,
அது எனக்கான பண்பு அல்ல.

சீட்டை நீட்டினார்.
நசுங்கி, ஓரம் மெலிந்த சீட்டு.
எங்கள் இயந்திரத்துக்கும் கழித்தல்தான் தெரியும்:
ஐயாயிரத்து இருநூற்று எண்பது கொருனா.
அதில் ஓரத்தில் இன்னொரு பொத்தான் உண்டு,
'சீட்டு தொலைந்தது.' அறுநூறு, ஒரே விலை.
அமுக்கினேன்.
அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பையில் போட்டுக்கொண்டார்.

கட்டை உயர்ந்தது.

கூண்டுக்குள் வந்து அவருடைய நேரத்தை
கோடில் நிரப்பினேன்: ஐந்து நாற்பத்தொன்று.
சீட்டு வகுப்பில் ஒரு பண்பு சேர்த்தேன்:
தொலைந்ததா? ஆம்.
யார் சொன்னார்கள், நிஜமா என்று
சரிபார்க்கும் வரி எதுவும் எழுதவில்லை.

சோதனையை ஓட்டினேன்.
எதிர்பார்த்தது 5280. கிடைத்தது 600.
தோல்வி.

பகல் ஆள் வரும்வரை
அந்தச் சிவப்பைத் திருத்தாமல் வைத்திருந்தேன்.